விவாகச் சட்டம் யார் கையில்?



1958ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஓர் இரவு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வேர்ஜீனியா மாநிலத்தில், கரோலைன் கவுண்டி என்னும் நாட்டுப்புறப் பகுதியில், ஓர் இளந் தம்பதியர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு வாரங்களுக்கு முன்னர்தான் அவர்கள் தலைநகராகிய வாஷிங்டனுக்குச் சென்று முறைப்படி விவாகம் செய்துகொண்டு ஊர் திரும்பியிருந்தனர். நடுச்சாமத்துக்குப் பின் அவ்விடத்துப் பொலிஸ் தலைவரான ஷெரீப் தம் ஆட்களுடன் வீட்டினுள் புகுந்தார். படுக்கையறையில் வெளிச்சத்தைப் பாய்ச்சி, கணவனைப் பார்த்து, "இந்தப் பெண் யார்?" என்று கேட்டார். சுவரில் மாட்டியிருந்த விவாக அத்தாட்சிப் பத்திரத்தை அவர்கள் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்பதே பதிலாயிற்று.

கணவர் ரிச்சர்ட் லவிங் வெள்ளையர். மனைவி மில்ட்ரெட், கறுப்பினமும் செவ்விந்திய இனமும் கலந்த குடும்பத்தில் வந்தவர். வாஷிங்டனில் அவர்கள் கணவனும் மனைவியும். ஆற்றைக் கடந்து வேர்ஜீனியாவுக்குள் கால் வைத்தால் குற்றவாளிகள். 1959 ஜனவரியில் நீதிபதி ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார். மாநிலத்தை விட்டு வெளியேறி, 25 ஆண்டுகளுக்குச் சேர்ந்து திரும்பி வராமல் இருந்தால் அத்தண்டனை நிறுத்தி வைக்கப்படும் என்றார். பெற்றாரையும் உற்றாரையும் விட்டு அவர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே ஜனாதிபதி. ஆனால் விவாகம் மட்டும் எல்லைக்கு எல்லை வேறு. இது எப்படி நேர்ந்தது? இதை மாற்ற அந்நாட்டின் அரசியல் யாப்பைத் திருத்த வேண்டும் என்று எத்தனை முறை, எந்தெந்த நோக்கத்தோடு முயன்றார்கள்? அம்முயற்சிகள் ஏன் கைகூடவில்லை? இவற்றை இவ்வாரம் சற்று நிதானமாகப் படிப்போம். தூர தேசத்துக் கதைதான். என்றாலும் குடும்பத்தைப் பற்றி அக்கறை உள்ள எவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

விவாகத்தைப் பற்றிச் சட்டம் செய்யப் புறப்படும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது: விவாகம் என்பது என்ன? யார் யாரை விவாகம் செய்யலாம்? அது எப்போது முறியலாம்? இரண்டாவது: இவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது?

கத்தோலிக்கராகிய நமக்கு முதற் கேள்வியின் விடை தெரியும். மெய்விவாகம் திருவருட்சாதனம், அதை அரசு உண்டாக்கவில்லை. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1880ஆம் ஆண்டு விவாகம் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதையே வலியுறுத்தினார். ஆயினும் முதுசொம், பிள்ளைகளின் உரிமை, ஓய்வூதியம், வரி, குடியுரிமை ஆகியவையெல்லாம் அரசின் பதிவேட்டைப் பொறுத்தே நடக்கின்றன. ஆகவே அரசின் விவாகச் சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வராத விடயம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது கேள்வியைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நல்ல சட்டம் வேண்டும் என்று கேட்பவர் பலர். அதை எழுதும் பேனாவை யார் கையில் கொடுக்கிறோம் என்று யோசிப்பவர் சிலர். அமெரிக்க வரலாறோ இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

யாப்பில் இல்லாத சொல்

அமெரிக்க ஐக்கிய நாடு ஒரு சமஷ்டி. மத்தியில் ஓர் அரசு; அதனோடு தத்தம் சட்டசபையும் நீதிமன்றங்களும் உடைய 50 மாநிலங்கள். 1787ஆம் ஆண்டு வரையப்பட்ட சமஷ்டி யாப்பு மத்திய அரசுக்கு எவ்வெவ் அதிகாரங்கள் உண்டு என்று எண்ணி எண்ணிச் சொல்கிறது. போர், நாணயம், தபால், வெளிநாட்டு வர்த்தகம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. விவாகம் என்ற சொல் அந்த யாப்பில் எங்குமே இல்லை. 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம், மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாததும் மாநிலங்களுக்குத் தடுக்கப்படாததுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று கூறுகிறது. எனவே விவாக வயது, சாட்சிகள், பதிவு, விவாகரத்து யாவும் மாநிலங்களின் கையில் இருந்தன.

நம் நாட்டில் கண்டியச் சிங்களவருக்கென ஒரு விவாகச் சட்டமும், முஸ்லிம்களுக்கென ஒரு சட்டமும், பொதுச் சட்டமும் இருக்கின்றன. இங்கே வேற்றுமை சமூகத்தைப் பொறுத்தது; அங்கே மண்ணைப் பொறுத்தது.

மண்ணைப் பொறுத்த வேற்றுமையில் ஒரு சிக்கல் உண்டு. மனிதர் நடமாடுகிறார்கள். வேலை தேடி, கல்வி தேடி எல்லை கடக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் சட்டங்களுக்கும் பதிவுகளுக்கும் தீர்ப்புகளுக்கும் மற்ற மாநிலங்கள் முழு நம்பிக்கையும் மதிப்பும் அளிக்க வேண்டும் என்று யாப்பின் நான்காம் பிரிவு சொல்கிறது. ஆனால் நடைமுறையில், தன் கொள்கைக்கு முற்றிலும் மாறான விவாகத்தை ஏற்க மறுக்கும் வழியை மாநிலங்கள் தமக்கு வைத்துக்கொண்டன.

யாப்பைத் திருத்தினால் என்ன? திருத்தலாம், ஆனால் எளிதல்ல. பிரதிநிதிகள் சபை, செனற் சபை ஆகிய இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பின்னர் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது இன்றைய கணக்கில் 38 மாநிலங்கள், அதை ஏற்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் கேட்டு ஒரு மாநாட்டைக் கூட்டும் வேறொரு வழியும் உண்டு. எனினும் அவ்வழியால் இதுவரை ஒரு திருத்தமும் பிறந்ததில்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலான காலத்தில் நிறைவேறியவை 27 திருத்தங்களே.

வாசலில் வாங்கிய வாக்குறுதி

மத்திய அரசின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு யூற்றாவின் கதை நல்ல உதாரணம். மோர்மன் மதத்தினர் 19ஆம் நூற்றாண்டில் மேற்குப் பாலைநிலத்தில் குடியேறி, பலதார மணத்தைத் தம் சமய நெறியாகக் கைக்கொண்டனர். அப்போது யூற்றா மாநிலம் அன்று. மத்திய அரசின் நேரடி ஆட்சிக்குட்பட்ட பிரதேசம். அத்தகைய பிரதேசங்களில் காங்கிரஸ் எந்தச் சட்டமும் செய்யலாம். ஆகவே 1862இல் பலதார மணத்தைக் குற்றமாக்கியது. 1879இல் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. நம்பிக்கை மனிதனின் சுதந்திரம்; ஆனால் செயலைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1887இல் வந்த இன்னொரு சட்டம் அச்சபையின் சட்டபூர்வமான அமைப்பையே கலைத்து, அதன் சொத்துக்களைப் பறிமுதல் செய்ய வழி வகுத்தது. 1890இல் அச்சபையின் தலைவர் பலதார மணத்தைக் கைவிடும்படி அறிவித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது அடுத்த படி. யூற்றா மாநிலமாகிவிட்டால் விவாகத்தின்மேல் மத்திய அரசுக்கு இருந்த அதிகாரம் போய்விடும். காங்கிரஸ் இதை நன்கு அறிந்திருந்தது. எனவே மாநிலமாக உள்ளே விடும் முன், வாசலில் வைத்தே வாக்குறுதி வாங்கியது. பலதார மணம் என்றென்றைக்கும் தடைசெய்யப்பட்டது என்று யூற்றா தன் சொந்த யாப்பில் எழுதிக்கொண்டது. 1896 ஜனவரியில் மாநிலமாயிற்று. அதன் பின்னரும் நம்பிக்கை வராதவர்கள், பலதார மணத்தைத் தடுக்கும் திருத்தத்தைச் சமஷ்டி யாப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று பல முறை முன்மொழிந்தனர். ஒன்றும் காங்கிரஸைத் தாண்டவில்லை.

பலதார மணத்தை வெறுத்தவர்களே அன்று பெரும்பான்மையினர். அவர்களுள்ளும் பலர் அதற்காக விவாகம் முழுவதையும் மத்திய அரசிடம் ஒப்படைக்கத் தயாராக இல்லை. முதற் கேள்வியில் ஒன்றுபட்டவர்கள் இரண்டாவது கேள்வியில் பிரிந்தார்கள்.

ஆறு வாரத்து விவாகரத்து

அடுத்த தொல்லை விவாகரத்தால் வந்தது. தென் கரோலினா மாநிலம் 1949 வரை ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக விவாகரத்தையே அனுமதிக்கவில்லை. நியூயோர்க் மாநிலம் 1966இல் சட்டத்தைத் திருத்தும் வரை, பிறர்மனை நயத்தல் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் விவாகரத்து அளித்தது. நெவாடாவோ 1931இல், ஆறு வாரம் தங்கியவருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது. வசதி உள்ளவர்கள் ரயிலேறி நெவாடாவுக்குப் போனார்கள். ஆறு வாரம் விடுதியில் தங்கினார்கள். விடுதலைப் பத்திரத்தோடு திரும்பினார்கள். வசதி இல்லாதவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

வட கரோலினாவில் நடந்ததைக் கேளுங்கள். 1940ஆம் ஆண்டு ஒரு கடைக்காரரும், அவர் கடையில் வேலை செய்தவரின் மனைவியும் நெவாடாவுக்குச் சென்றனர். ஆறு வாரம் தங்கித் தத்தம் பழைய விவாகத்தை முறித்து, தமக்குள் விவாகம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். வட கரோலினா அவர்களை இருதார விவாகக் குற்றத்துக்காகத் தண்டித்தது. 1942இல் உயர் நீதிமன்றம், நெவாடாவின் தீர்ப்பை மற்ற மாநிலம் மதிக்க வேண்டும் என்று சொல்லித் தண்டனையை நீக்கியது. வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. 1945இல் அதே நீதிமன்றம், அவர்கள் உண்மையில் நெவாடாவில் குடியிருந்தவர்களா என்று வட கரோலினா ஆராயலாம் என்று கூறித் தண்டனையை நிலைநிறுத்தியது. நெவாடாவில் புதிய தம்பதியர். வட கரோலினாவில் குற்றவாளிகள்! கைவிடப்பட்ட அந்த முதல் மனைவியையும் முதல் கணவனையும் நினைத்துப் பாருங்கள். தாங்கள் விவாகமானவர்களா அல்லவா என்பதே எல்லையைப் பொறுத்துத் தடுமாறிற்று.

இந்தக் குழப்பத்தைக் கண்டவர்கள் ஒரே சட்டம் வேண்டும் என்று கேட்டதில் வியப்பில்லை. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் 1906ஆம் ஆண்டு காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில், விவாகமும் விவாகரத்தும் காங்கிரஸின் அதிகாரத்துக்குள் வர வேண்டும் என்றும், யாப்பைத் திருத்துவது கடினம் என்பது தமக்குத் தெரிந்தே அப்படிச் சொல்வதாகவும் குறிப்பிட்டார். 1923இல் கன்சாஸ் மாநிலத்து செனற்றர் ஆதர் கப்பர், நாடெங்கும் ஒரே விவாகச் சட்டம் செய்யும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கு வழங்கும் திருத்தத்தை முன்மொழிந்தார். அதுவும் நிறைவேறவில்லை. தடையாக நின்ற கேள்வி சின்னதுதான்: ஒரே சட்டம் என்றால் எந்த மாநிலத்தின் சட்டம்? தென் கரோலினாவின் சட்டமா, நெவாடாவின் சட்டமா? பேனாவைக் கொடுக்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் தாம் நினைப்பதையே அது எழுதும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

எழுதப்படாமற் போன ஓர் அநீதி

அந்தக் கேள்வி வீண் கேள்வியல்ல என்பதை இன்னொரு சம்பவம் காட்டுகிறது. 1912 டிசம்பரில், உலகக் குத்துச்சண்டை வீரரான கறுப்பினத்து ஜாக் ஜோன்சன் ஒரு வெள்ளைப் பெண்ணை மணந்தார். நாடு கொந்தளித்தது. அதே மாதத்தில் ஜோர்ஜியா மாநிலத்துப் பிரதிநிதி சீபோர்ன் ரொடன்பெரி, வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதை நாடு முழுவதும் என்றென்றைக்கும் தடைசெய்யும் யாப்புத் திருத்தத்தை முன்மொழிந்தார். அப்போது பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அத்தகைய தடை ஏற்கெனவே இருந்தது. ஆயினும் திருத்தம் காங்கிரஸைத் தாண்டாமல் மடிந்தது.

அது நிறைவேறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதை அறிய 1947ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போவோம். அன்ட்ரியா பெரெஸ் மெக்சிக்கோவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். சில்வெஸ்ரர் டேவிஸ் கறுப்பினத்தவர். விமானத் தொழிற்சாலையொன்றில் சந்தித்துக்கொண்டவர்கள். இருவரும் கத்தோலிக்கர். கலிபோர்னியாவின் சட்டக் கணக்கில் மெக்சிக்கோ வம்சத்தவர் வெள்ளையராக எண்ணப்பட்டதால், அவர்களுக்கு விவாக அனுமதிப் பத்திரம் மறுக்கப்பட்டது. அவர்களுக்காக வழக்காடிய சட்டத்தரணி டானியல் மார்ஷல், அந்நகரின் கத்தோலிக்க இன ஒற்றுமை மன்றத்தின் தலைவர். அவர் எடுத்த வாதம் நம் கவனத்துக்குரியது: எங்கள் திருச்சபை இவ்விவாகத்தைத் தடுக்கவில்லை; திருச்சபை அளிக்கத் தயாராக உள்ள திருவருட்சாதனத்தை அரசு தடுப்பது சமய சுதந்திரத்துக்கு மாறானது.

1948 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அந்தத் தடையை நீக்கியது. பெரும்பான்மையோர் சமத்துவத்தை அடிப்படையாக வைத்தனர். ஒரு நீதிபதி சமய சுதந்திரத்தையே காரணமாகக் காட்டித் தீர்ப்பளித்தார். ரொடன்பெரியின் திருத்தம் யாப்பில் ஏறியிருந்தால் அந்த நால்வரின் கையும் கட்டப்பட்டிருக்கும். யாப்பே தடுத்த பின் எந்த நீதிபதி என்ன செய்ய முடியும்?

மாநிலத்தின் கைக்கும் எல்லை

இதிலிருந்து, அதிகாரம் மாநிலங்களிடம் இருப்பதே எப்போதும் நல்லது என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. ரிச்சர்டையும் மில்ட்ரெட்டையும் வீட்டிலிருந்து துரத்தியது மத்திய அரசன்று, மாநிலம்.

அடிமைத்தனத்தை ஒழித்த உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல் பதினான்காவது திருத்தம் யாப்பில் சேர்ந்தது. எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கலாகாது. முறையான சட்ட ஒழுங்கின்றி எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது அதன் கட்டளை. மில்ட்ரெட் 1963இல் அப்போதைய சட்டமா அதிபர் றொபேட் கெனடிக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கிருந்து வந்த ஆலோசனைப்படி சட்டத்தரணிகளின் உதவி கிடைத்தது. 1967 யூன் 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஏகமனதாக வேர்ஜீனியாவின் தடையை, பதினான்காவது திருத்தத்துக்கு மாறானது என்று நீக்கியது. அன்று 16 மாநிலங்களில் இருந்த அத்தகைய சட்டங்கள் யாவும் ஒரே நாளில் வலுவிழந்தன. தம்பதியர் பிள்ளைகளோடு தம் ஊரில் வாழ வழி பிறந்தது.

ஆகவே விவாகம் மாநிலத்தின் பொறுப்பு என்பது உண்மை. அந்தப் பொறுப்புக்கு வேலி உண்டு என்பதும் உண்மை. வேலி எங்கே நிற்க வேண்டும் என்பதே அண்மைக் காலத்துச் சர்ச்சை.

1996 முதல் 2022 வரை

1993இல் ஹவாய் மாநிலத்து உயர் நீதிமன்றம், ஒரே பாலினருக்கு விவாக உரிமை மறுக்கப்படுவதற்கு மாநிலம் வலுவான காரணம் காட்ட வேண்டும் என்று கூறியது. ஹவாயில் ஏற்கப்படும் விவாகம் நாலாம் கட்டை எல்லைகளைக் கடந்து எங்கும் வந்துவிடுமோ என்று மற்ற மாநிலங்கள் அஞ்சின. 1996இல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. ஜனாதிபதி கிளின்ரன் கையொப்பமிட்டார். அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, அத்தகைய விவாகங்களை மற்ற மாநிலங்கள் ஏற்க வேண்டியதில்லை. மற்றது, மத்திய அரசின் எல்லாச் சட்டங்களிலும் விவாகம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான இணைப்பையே குறிக்கும். விவாக நிலையைப் பொறுத்து நன்மையோ உரிமையோ மாறுபடும் மத்திய சட்ட விதிகள் 1,138 என்று 2004இல் அரசாங்கக் கணக்காய்வு நிறுவனம் எண்ணிக் கூறியது. யாப்பில் இல்லாத சொல், சட்டங்களில் இத்தனை இடத்தில் வேரோடியிருந்தது.

2003 நவம்பரில் மசாச்சூசெற்ஸ் மாநில நீதிமன்றம் ஒரே பாலினர் விவாகத்தை அனுமதிக்கும்படி தீர்ப்பளித்தது. விவாகம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் மட்டுமே உரியது என்று சமஷ்டி யாப்பிலேயே எழுத வேண்டும் என்ற முயற்சி அதன்பின் வேகங்கொண்டது. ஜனாதிபதி புஷ் அதை ஆதரித்தார். அமெரிக்க ஆயர்கள் பேரவையின் நிர்வாகக் குழுவும் 2003ஆம் ஆண்டிலேயே அத்தகைய திருத்தத்துக்குப் பொதுவான ஆதரவைத் தெரிவித்திருந்தது. நீதிபதிகள் சிலரின் தீர்ப்பால் சமுதாயத்தின் அடிப்படையான ஸ்தாபனம் மாறிவிடக் கூடாது என்பது ஆதரித்தோரின் வாதம்.

எதிர்த்தவர்கள் இருவகையினர். ஒரே பாலினருக்கும் விவாக உரிமை வேண்டும் என்றவர்கள் ஒரு வகை. மற்ற வகையினர், விவாகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்று நம்பியும் திருத்தத்தை எதிர்த்தவர்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவரான பொப் பார், 2004இல் திருத்தத்துக்கு எதிராகச் சாட்சியம் அளித்தார். செனற்றர் ஜோன் மக்கெயினும் இது மாநிலங்களின் பொறுப்பு என்று சொல்லி எதிர்த்தார். இத்தகையோர் தம் முதற் கேள்வியின் விடையை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டாவது கேள்வியின் விடையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

2004 யூலையில் செனற் சபையில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல 60 வாக்குகள் தேவைப்பட்டன. கிடைத்தவை 48, எதிர்த்தவை 50. செப்டெம்பரில் பிரதிநிதிகள் சபையில் 227 பேர் ஆதரித்தனர்; 186 பேர் எதிர்த்தனர். பெரும்பான்மைதான், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. 2006இல் மீண்டும் முயன்றபோதும் முடிவு அதுவே.

மத்தியில் முடியாதது மாநிலங்களில் நடந்தது. 1998இல் அலாஸ்கா தொடக்கம் 2012 வரை, 30 மாநிலங்கள் தத்தம் யாப்புகளில் அந்த வரையறையை எழுதிக்கொண்டன. வேறு சில மாநிலங்கள் எதிர்த் திசையில் சென்றன.

பின்னர் நீதிமன்றத்தின் முறை வந்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த ஈடித் வின்ட்சர் என்ற பெண்மணி 2007இல் கனடாவில் தம் துணைவியை மணந்தவர். 2009இல் துணைவி இறந்தார். நியூயோர்க் அவ்விவாகத்தை ஏற்றது. மத்திய அரசு ஏற்காமல், முதுசொத்துக்கு 363,053 டொலர் வரி விதித்தது. 2013இல் உயர் நீதிமன்றம், ஐவருக்கு நால்வராக, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையைச் செல்லாததாக்கியது. குடும்ப விடயம் காலங்காலமாக மாநிலங்களுக்கு உரியது என்பதையும் அத்தீர்ப்பு விரிவாக எடுத்துக் கூறிற்று.

ஆனால் அந்த நியாயம் இரண்டே ஆண்டுகளில் பின்தள்ளப்பட்டது. ஒஹாயோ மாநிலத்து ஒருவர் மேரிலாந்தில் மணந்த துணைவர் இறக்கும்போது, மரண அத்தாட்சிப் பத்திரத்தில் தம் பெயர் துணைவராகப் பதியப்பட வேண்டும் என்று கேட்டு வழக்காடினார். மீண்டும் அதே எல்லைச் சிக்கல்! 2015 யூன் 26ஆம் திகதி, ஐவருக்கு நால்வராக, பதினான்காவது திருத்தத்தின்படி எல்லா மாநிலங்களும் ஒரே பாலினர் விவாகத்தை அனுமதித்து ஏற்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எதிர்த்த நீதிபதிகள் நால்வரும் தனித்தனியே எழுதினார்கள். இதை மக்களே தம் வாக்கால் தீர்மானித்திருக்க வேண்டும் என்பது பிரதம நீதியரசர் றொபேட்ஸின் கருத்து.

2022 டிசம்பரில் காங்கிரஸ் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, புதிய சட்டம் ஒன்றைச் செய்தது. எந்த மாநிலம் யாருக்கு அனுமதிப் பத்திரம் வழங்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. ஒரு மாநிலத்தில் முறைப்படி நடந்த விவாகத்தைப் பால், இனம், இனக்குழு, தேசியப் பூர்வீகம் காரணமாக மற்ற மாநிலம் மறுக்கலாகாது என்று மட்டும் சொல்கிறது. மத்திய அரசின் கை எட்டக்கூடிய தூரத்தை அளந்து எழுதப்பட்ட சட்டம் அது.

இங்கே வாசகர் ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் ஆலயத்தில் யாருக்கு விவாகம் நடத்துவது என்பதையும் அரசு தீர்மானிக்குமா? இல்லை. யாப்பின் முதலாவது திருத்தம் சமய சுதந்திரத்தைக் காக்கிறது. 2022ஆம் ஆண்டுச் சட்டமும், சமய அமைப்புகள் தம் நம்பிக்கைக்கு மாறான விவாகச் சடங்குக்கு இடமோ சேவையோ வழங்கக் கட்டாயப்படுத்தப்படமாட்டா என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அரசின் பதிவேடு வேறு. திருச்சபையின் திருவருட்சாதனம் வேறு. முன்னதன் அதிகாரத்துக்கு எல்லை இருப்பதனாலேயே பின்னது சுதந்திரமாய் நிற்கிறது.

நாம் கற்பது என்ன?

முதலாவது, மாநில உரிமை என்பது பலருக்கு மழைக்கு ஒதுங்கும் திண்ணையாக இருந்திருக்கிறது. மழை பெய்தபோது ஒதுங்கினார்கள். வெயில் வந்ததும் இறங்கிப் போனார்கள். 1996இல் மத்திய அரசு தலையிடக் கூடாது என்றவர்களிற் பலர் 2015இல் நாடெங்கும் ஒரே விதி வந்ததை வரவேற்றனர். 2004இல் மத்திய திருத்தம் கேட்டவர்களிற் பலர் 2015இல் மாநிலத்துக்கே விடுங்கள் என்றனர். தனக்குச் சாதகமான நாளில் மட்டும் பேசப்படும் கொள்கை கொள்கையாகாது.

இரண்டாவது, யாப்பில் எழுதுவது கல்லில் வெட்டுவது போன்றது. சரியானதை வெட்டினால் நிலைத்து நிற்கும். பிழையானதை வெட்டினாலும் நிலைத்து நிற்கும். மதுவிலக்கை 1919இல் யாப்பில் ஏற்றிய அதே நாடு, 1933இல் இன்னொரு திருத்தத்தால் அதை நீக்க வேண்டியதாயிற்று. நன்மையான ஒழுக்கமும் யாப்பில் ஏறிவிட்டதனால் மட்டும் மக்கள் நெஞ்சில் ஏறிவிடுவதில்லை.

மூன்றாவதும் முக்கியமானதும் இதுவே. ஓர் அரசுக்கு அதிகாரம் கொடுக்கும்போது, இன்று அங்கே அமர்ந்திருப்பவரை மட்டும் பார்த்துக் கொடுக்கக் கூடாது. ரூஸ்வெல்ற் குடும்பங்களைக் காக்க அதிகாரம் கேட்டார். ஆறே ஆண்டுகளின் பின் ரொடன்பெரி, குடும்பங்களைப் பிரிக்க யாப்பையே கேட்டார். பேனா ஒன்றுதான், கை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, "இச்சட்டம் எனக்குப் பிடித்ததா?" என்று கேட்டதோடு நில்லாமல், "எனக்குப் பிடிக்காதவர் கையில் இதே அதிகாரம் போனால் என் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்றும் கேட்கப் பழக வேண்டும்.

சுவரில் மாட்டிய அத்தாட்சிப் பத்திரத்தை அந்த இரவில் செல்லாது என்று சொன்னவரும் ஏதோ ஒரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சட்டத்தை எழுத யாரோ அவருக்கு முன்னரே அதிகாரம் கொடுத்திருந்தார்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. அரசு பதிவுசெய்யும் விவாகமும் திருச்சபை ஆசீர்வதிக்கும் மெய்விவாகமும் எவ்விடங்களில் ஒன்றுபடுகின்றன? எவ்விடங்களில் வேறுபடுகின்றன?

2. நாடு முழுவதற்கும் ஒரே விவாகச் சட்டம் இருப்பதனால் வரும் நன்மை என்ன? தீமை என்ன? வட கரோலினாக் கடைக்காரரின் வழக்கையும் பெரெஸ், டேவிஸ் வழக்கையும் அருகருகே வைத்துப் பேசிப் பாருங்கள்.

3. பெரும்பான்மையோர் விரும்பிய காரணத்தினாலேயே ஒரு சட்டம் நீதியானதாகிவிடுமா? நீதிபதிகள் சொன்ன காரணத்தினாலேயே ஆகிவிடுமா?

4. ஒரு கொள்கையை, அது எங்களுக்குப் பாதகமாக வந்த நாளிலும் நாங்கள் விடாமல் பிடித்திருந்த சந்தர்ப்பம் எங்கள் குடும்பத்தில் உண்டா? பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.